மழை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?

(தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர், டிவிஷன் கொழுந்து மடுவத்தில் நடந்த மாதாந்தக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வாசகர்களுக்காகச் சிறிது சுருக்கித் தரப்படுகிறது.)

 

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் நாம் போஷாக்கு, பிள்ளைகளின் தடுப்பூசி, சேமலாப நிதி என்று பேசுவோம். இன்றைக்கு மழையைப் பற்றிப் பேசப் போகிறோம். "தினமும் நனையிறது நாங்க, எங்களுக்கே மழையைப் பத்திச் சொல்லப் போறீங்களா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மழை எப்படி இருக்கும் என்று உங்களை விட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து கிளம்பி, எந்த வழியாக நம்முடைய மலைக்கு வந்து சேருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எந்த மாதத்தில், எந்தக் காற்றில், நம்முடைய லயத்துக்கு ஆபத்து என்று நாமே கணக்குப் போடலாம். உயிரைக் காப்பாற்றுகிற கணக்கு அது.

காற்றுக்குள் தண்ணீர்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நம்முடைய லயக் காம்பிரா ஒன்றை எடுத்துக்கொள்வோம். பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம், எட்டடி உயரம். அந்தக் காம்பிராவில் உள்ள காற்றிலும் தண்ணீர் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, நீராவியாக இருக்கிறது. கொழும்பு வெயிலைப் போல 30 பாகை செல்சியஸ் சூடாக இருந்தால், அந்த ஒரு காம்பிராக் காற்று முக்கால் லீற்றருக்கு மேல் தண்ணீரைச் சுமக்கும். அதே காற்று நம்முடைய மலை இரவைப் போல 15 பாகைக்குக் குளிர்ந்தால், மூன்றில் ஒரு லீற்றர் அளவைத்தான் சுமக்க முடியும். அப்படியானால் மீதி எங்கே போகும்? சொட்டாகக் கீழே விழத்தான் வேண்டும்.

விடியற்காலையில் தகரக் கூரையின் உட்பக்கம் சொட்டுச் சொட்டாக நனைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரவில் தகரம் குளிர்ந்துபோகிறது. அதில் பட்ட காற்றும் குளிர்ந்து, தன்னால் சுமக்க முடியாத தண்ணீரை அங்கேயே இறக்கிவைத்துவிடுகிறது. மழையின் கதையும் இதுதான். சூடான காற்று கடலில் தண்ணீரை ஏற்றிக்கொள்கிறது. குளிர்ந்தவுடன் இறக்கிவிடுகிறது. கூடையில் கொழுந்தை நிறைத்துக்கொண்டு வந்து மடுவத்தில் கொட்டுகிற மாதிரி.

இன்னும் ஒரு விஷயம் முக்கியமானது. வானம் எவ்வளவோ உயரம் என்றாலும், இந்த நீராவி மேலே வெகுதூரம் போவதில்லை. உலகத்துக் காற்றில் உள்ள நீராவியில் ஏறக்குறைய பாதி, கடல் மட்டத்திலிருந்து முதல் இரண்டு கிலோமீற்றர் உயரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஹட்டன் நகரம் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,870 மீற்றர் அளவில் இருக்கிறது. அதாவது, தண்ணீரைச் சுமந்துகொண்டு காற்று போகிற பாதையின் நடுவில்தான் நாம் குடியிருக்கிறோம். மற்ற ஊர்க்காரர்களுக்கு மேகம் தலைக்கு மேலே போகிறது. நமக்கு வாசலுக்குள்ளேயே வருகிறது. நாம் மூடுபனி, மிஸ்ட் என்று சொல்வது மலையைத் தொட்டுக்கொண்டிருக்கிற மேகமேதான்.

தென்மேல் காற்று

நம் நாட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற காற்றுகளில் முதலாவது தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று. மே மாதத்தின் பிற்பகுதியிலிருந்து செப்டெம்பர் வரை வீசுவது. இந்தக் காற்று பூமத்திய ரேகைக்குத் தெற்கே, இந்து சமுத்திரத்தில் கிளம்புகிறது. ஆபிரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள உயர்ந்த மலைகள் அதற்கு ஒரு மதில் மாதிரி நிற்கின்றன. அந்த மதிலோரமாக வடக்கே ஓடி, சோமாலியக் கரைப் பக்கம் வளைந்து, அரபிக்கடலைக் கடந்து இந்தியாவையும் நம்மையும் நோக்கி வருகிறது. இது பலமாக வீசுவது ஒன்று, ஒன்றரைக் கிலோமீற்றர் உயரத்தில். இதை ஒரு பெரிய காற்று ஆறாக அளந்து 1969ஆம் ஆண்டில் எழுதியவர் பிண்ட்லேட்டர் என்ற பிரித்தானிய வானிலை ஆய்வாளர்.

ஆயிரக்கணக்கான மைல் கடலின் மேல் ஓடிவருகிற காற்றுக்கு வழியில் தடை எதுவும் இல்லை. தண்ணீரை ஏற்றிக்கொண்டே வருகிறது. களுத்துறை, கொழும்புப் பக்கம் கரையேறி, கிழக்கே வந்தால் முன்னால் நிற்பது நம்முடைய மலை. சுற்றிப் போக வழியில்லாத காற்று மேலே ஏறித்தான் ஆக வேண்டும். ஏறுகிற காற்று விரிந்து குளிர்கிறது. மேகம் கட்டாத காற்று ஒரு கிலோமீற்றர் ஏறினால் ஏறக்குறைய 10 பாகை குளிரும். குளிர்ந்ததும் சுமையை இறக்குகிறது. அதனால்தான் கினிகத்தேனை, வட்டவளை, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கங்களில் வருஷத்துக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் மழை கொட்டுகிறது. ஜூன், ஜூலை மாதங்களில் அந்தப் பக்கத்துத் தாய்மார்களுக்குப் படங்கு காயவே காயாது.

அதே காற்று, அதே ஜூலை மாதம். மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் போய்ப் பாருங்கள். பண்டாரவளையில் வெயில், வறண்ட காற்று. வட்டவளையிலிருந்து பண்டாரவளை நேர்கோட்டில் 50 கிலோமீற்றர் அளவுதான். ஆனால் வருஷ மழை வட்டவளையில் பெய்வதில் பாதியும் இல்லை. காற்று தன் சுமையை மேற்குச் சரிவில் இறக்கிவிட்டு வெறுங்கூடையாக அந்தப் பக்கம் இறங்குகிறது.

வெறுங்கூடை மட்டுமில்லை, சூடாகவும் இறங்குகிறது. அது ஏன்? நீராவி தண்ணீராக மாறும்போது, தன்னுள்ளே வைத்திருந்த வெப்பத்தை வெளியே விடுகிறது. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க நாம் விறகை எரிக்கிறோம் அல்லவா, அந்த வெப்பம் ஆவிக்குள்தான் இருக்கிறது. அதனால் மழை பெய்துகொண்டே ஏறுகிற காற்று ஒரு கிலோமீற்றருக்கு ஐந்து, ஆறு பாகைதான் குளிர்கிறது. மறுபக்கம் காய்ந்து இறங்கும்போதோ கிலோமீற்றருக்குப் பத்துப் பாகை சூடாகிறது. ஆகவே ஒரே உயரத்தில் உள்ள இரண்டு இடங்களில், மேற்குச் சரிவை விடக் கிழக்குச் சரிவு சில பாகை கூடுதலாகச் சூடாக இருக்கும். மட்டக்களப்பு மக்கள் கச்சான் காற்று என்று சொல்வது இதைத்தான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை இந்த வறண்ட காற்றில் வளர்கிற ஊவாக் கொழுந்துக்குத் தனி வாசனை வருகிறது. கொழுந்து குறையும், விலை கூடும். ஏலத்தில் ஊவாத் தேயிலைக்கு இருக்கிற பெயருக்குப் பின்னால், வட்டவளையில் கொட்டித் தீர்ந்த மழையும் ஒரு காரணம்.

வடகீழ் காற்று

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை காற்று திசை மாறிவிடுகிறது. அப்போது வடகீழ் பருவப்பெயர்ச்சிக் காற்று வங்காள விரிகுடாவிலிருந்து தண்ணீரை ஏற்றிக்கொண்டு, கிழக்குக் கரை வழியாக வருகிறது. இப்போது முன்னால் நிற்பது கிழக்குச் சரிவு. மடுல்சீமை, பசறை, பதுளைப் பக்கம், நக்கிள்ஸ் மலையின் கிழக்குச் சரிவு எல்லாம் நனைகின்றன. திம்புள்ளை, ஹட்டன் பக்கம் காய்கிறது. அங்கே நல்ல தேயிலை கிடைப்பது ஜனவரி முதல் மார்ச் வரை என்பது பழைய டீமேக்கர்மாருக்குத் தெரிந்த விஷயம்.

நுவரெலியாவில் கொழுந்தைக் கருக்குகிற பனி விழுவதும் இந்தக் காலத்தில்தான். அது தண்ணீர் கூடியதால் வருவது அல்ல. காற்றில் ஈரப்பதன் குறைந்ததால் வருவது. மேகமும் நீராவியும் நிலத்துக்குக் கம்பளி மாதிரி. கம்பளி இல்லாத இரவில் நிலத்துச் சூடெல்லாம் மேலே போய்விடுகிறது. பகலில் வானம் நீலமாக, காற்று அசையாமல் இருந்தால், அன்று இரவு சின்னப் பிள்ளைகளையும் வயதானவர்களையும் நன்றாகப் போர்த்திப் படுக்கவையுங்கள். குளிருக்காக மூடிய காம்பிராவுக்குள் கரிச்சட்டியை மட்டும் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அந்தப் புகை மணக்காமலே ஆளைக் கொல்லும்.

இரண்டுக்கும் நடுவில்

மார்ச், ஏப்ரல் மாதங்களும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களும் இடைப்பருவப்பெயர்ச்சிக் காலம். பெரிய காற்று எதுவும் பலமாக இல்லை. காலையில் நல்ல வெயில். பகலில் நிலம் சூடாகிறது. கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது. பள்ளத்தாக்குகளின் வழியாக மலையேறுகிறது. இரண்டு மணி, மூன்று மணிக்குக் கறுத்துக்கொண்டு இடி மின்னலோடு கொட்டுகிறது. அந்தி மழை என்று சொல்லுவோமே, அதுதான்.

இந்த மாதங்களில் மின்னல் ஆபத்து அதிகம். இடிச்சத்தம் கேட்டால் மலையில் நிற்கிறவர்கள் தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கத்தி, மண்வெட்டி, கம்பி எதையும் தோளில் வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது. கட்டிடத்துக்குள் வந்துவிடுவதே நல்லது. "இந்த நிறையை முடிச்சிட்டுப் போவோம்" என்று நிற்க வேண்டாம். கங்காணிமாரும் இதை மனதில் வைக்க வேண்டும்.

தாழமுக்கம் என்றால் என்ன?

வானொலியில் "வங்காள விரிகுடாவில் தாழமுக்கம்" என்று சொன்னால், "அது கடல்ல தானே, கிழக்குக்கரைக்காரங்க பாத்துக்குவாங்க" என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. அப்படி நினைக்கக் கூடாது. இன்றைய பேச்சில் இதை மட்டுமாவது மறக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

தாழமுக்கம் என்பது காற்றின் அழுத்தம் குறைந்த இடம். பள்ளத்தை நோக்கித் தண்ணீர் ஓடிவருகிற மாதிரி, சுற்றியுள்ள காற்று அதை நோக்கி ஓடிவருகிறது. பூமி சுழல்வதால் நேராக வராமல், நம் பக்கத்தில் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுழன்று வருகிறது. நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரத்திலுள்ள ஈரக்காற்றையெல்லாம் அது தன் பக்கம் இழுக்கிறது. அந்தக் காற்று போகிற வழியில் மலை இருந்தால், சுமையை மலையில் இறக்கிவிட்டுத்தான் போகும். தாழமுக்கத்தின் நடுப்பகுதி நம்மிடம் வரவே வேண்டியதில்லை. அது கடலில் இருக்கும். மழை நம் லயத்துக்கு மேலே பெய்யும்.

2016ஆம் ஆண்டு மே மாதம் அப்படித்தான் நடந்தது. தாழமுக்கம் நின்றது நாட்டுக்குக் கிழக்கே, வங்காள விரிகுடாவில். பிறகு ரோனு என்ற சூறாவளியானது அதுதான். ஆனால் அது இழுத்த ஈரக்காற்று மேற்குச் சரிவில் ஏறியது. மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும், புளத்கொஹுபிட்டிய களுபஹனத் தோட்டத்திலும் மலை சரிந்தது. களுபஹனையில் மண்ணுக்குள் போனது நம்முடையதைப் போன்ற லயம்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியும் கிழக்குப் பக்கமாகவே வடக்கு நோக்கி நகர்ந்தது. ஆனால் அதிகமாக அடிபட்டது மலைநாடு. கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை என்று பல திசை பார்த்த மலைகளும் சரிந்தன. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உலகம் சூடாகச் சூடாக இந்த ஆபத்து கூடுகிறது. ஏனென்றால் ஒரு பாகை சூடு ஏறினால் காற்று ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலாக நீராவியைச் சுமக்கும். கூடை பெரிதாகிறது, கொட்டும்போது அதிகமாகக் கொட்டும்.

மண் எவ்வளவு தாங்கும்?

ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். ஓர் ஏக்கர் மலையில் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஆறு இலட்சம் லீற்றர். 6,000 லீற்றர் பவுசர் நூறு வந்து ஓர் ஏக்கரில் ஊற்றின மாதிரி. அதன் பாரம் 600 தொன். மண் முதலில் குடிக்கும். பல நாள் மழையில் வயிறு நிறைந்துவிட்டால் அதற்குமேல் குடிக்க முடியாது. மண்ணின் பாரம் கூடுகிறது, பிடிப்புக் குறைகிறது, சரிவு கீழே வருகிறது. ஆகவே கடைசி நாள் மழை கொஞ்சமாக இருந்தாலும், முந்திய பல நாள் மழையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தது இடைப்பருவ மழைக் காலத்தில். அது காலை நேரம். பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகளில் சிலருக்குத் திரும்பி வரும்போது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. எச்சரிக்கை ஒரு பக்கம், மக்கள் ஒரு பக்கம் என்று இருந்ததால் வந்த இழப்பு அது. மக்களுக்குப் போக வேறு இடமும் இருக்கவில்லை என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. பாதுகாப்பான இடத்தில் வீடும் காணியும் என்பது நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டிய கோரிக்கை. அது கிடைக்கிற வரைக்கும் உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா? அதற்குத்தான் இந்தப் பேச்சு.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மூன்று படி எச்சரிக்கை விடுகிறது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள். விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள். வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75ஐத் தாண்டினால் சிவப்பு, வெளியேற வேண்டும். பெரியவர்களுக்கு அங்குலத்தில் சொன்னால்தான் மனதில் நிற்கும்: மூன்று அங்குலம் விழிப்பு, நான்கு அங்குலம் மூட்டை கட்டு, ஆறு அங்குலம் புறப்படு.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று: ஒவ்வொரு லயத்திலும் மழையை அளப்போம். அடியும் வாயும் ஒரே அகலமான, நேரான தகரப் பேணி போதும். கூரைத் தண்ணீரும் மரத்துச் சொட்டும் விழாத வெட்டவெளியில், சாயாமல் நிறுத்துங்கள். தினமும் ஒரே நேரத்தில் பள்ளிக்கூட அடிமட்டத்தை உள்ளே விட்டு, எத்தனை மில்லிமீற்றர் என்று பார்த்து, கொப்பியில் எழுதிவிட்டு ஊற்றிவிடுங்கள். பலத்த மழை நாளில் இடையிடையேயும் பாருங்கள். அப்போது ஊற்றிவிட வேண்டாம். பேணி நிரம்பி வழியும்போல் இருந்தால் மட்டும் அளவை எழுதிவிட்டு ஊற்றி, பிறகு கூட்டிக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகாத தாத்தா, அப்பாயிமார் இதைப் பொறுப்பெடுக்கலாம்.

இரண்டு: உங்கள் லயம் எந்தப் பக்கம் பார்த்த சரிவில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். மேற்குப் பார்த்த மலைக்கு மே முதல் செப்டெம்பர் வரை கவனம். கிழக்குப் பார்த்த மலைக்கு டிசம்பர் முதல் பெப்ரவரி வரை கவனம். ஒக்டோபரும் நவம்பரும் எல்லோருக்கும் கவனமான மாதங்கள். தாழமுக்கம் என்ற செய்தி வந்தால் எந்த மாதமானாலும் கவனம்.

மூன்று: லயத்துக்கு மேலே உள்ள கான்களை மழைக்கு முன்பே வெட்டித் துப்புரவாக்குவோம். அடைபட்ட கானில் நிற்கிற தண்ணீர் நேராக மண்ணுக்குள்தான் இறங்கும். பொலித்தீனையும் கழிவையும் கானில் போடாதீர்கள்.

நான்கு: மண்ணைப் பாருங்கள். நிலத்தில் புதிதாக வெடிப்பு, சுவரில் பிளவு, கதவு திடீரென்று இறுகுவது, மரமோ கம்பமோ சாய்வது, பீலித் தண்ணீர் கலங்குவது அல்லது சட்டென்று நிற்பது, இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் எச்சரிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த நிமிஷமே வெளியேறுங்கள். பிறகு கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட அலுவலகத்துக்கும் அறிவியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

ஐந்து: அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், வங்கிப் புத்தகம், கிளினிக் அட்டை, மருந்து, டோர்ச், இவையெல்லாம் ஒரே பொலித்தீன் பையில் கதவுக்குப் பக்கத்தில் தொங்கட்டும். நகை, கோழி, ஆடு, தொலைக்காட்சி என்று திரும்பிப் போகக் கூடாது. மாடு வைத்திருப்பவர்கள் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

ஆறு: எங்கே போவது, எந்தப் பாதையால் போவது, நடக்க முடியாதவர்களை யார் தூக்குவது என்பதை இன்றைக்கே பேசி முடிவு செய்வோம். இரவு பன்னிரண்டு மணிக்கு, கரண்ட் இல்லாத மழையில் பேச முடியாது.

தாய்மார்களே, பெரியவர்களே, நம்முடைய பாட்டன்மார் இந்த மலைகளுக்கு வந்த காலத்தில் காற்றைப் பார்த்தே மழையைச் சொன்னார்கள். இன்றைக்கு வானொலியும் தொலைபேசியும் நமக்குக் கூடுதலாக இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துக்கொள்வோம். காற்றைத் திருப்பிவிட நம்மால் முடியாது. அதன் முன்னாலிருந்து நாம் விலகிக்கொள்ளலாம்.

இந்தக் கூட்டம் முடிந்து போவதற்கு முன், ஒவ்வொரு லயத்துக்கும் பேணி வைக்கிற ஒருவரின் பெயரையும், ஆட்களைக் கூட்டிக்கொண்டு புறப்படுகிற ஒருவரின் பெயரையும் எங்களிடம் தந்துவிட்டுப் போங்கள். அடுத்த மாதம் கொப்பிகளோடு சந்திப்போம்.